சட்ட நுழைவுத் தேர்வும் அழித்தெழுதிய விடைகளும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வாகிய கிளாட் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு கட்டுரை வந்திருந்தது. எப்படி விண்ணப்பிப்பது, எத்தனை கேள்விகள், எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் என்பவற்றையெல்லாம் தெளிவாகச் சொன்ன அந்தக் கட்டுரை, 'தன்னம்பிக்கையோடு படித்தால் வெற்றி நிச்சயம்' என்ற வரியோடு முடிந்திருந்தது. அதைப் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து வாசித்த என் மாணவி ஒருத்தி, தாளை மடித்து வைத்துவிட்டு, "அது இல்லாதவங்க என்ன டீச்சர் பண்றது?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது பதிலாகவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒரு வாரம் யோசித்த பிறகு, அவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக ஆங்கிலப் பாடத்துக்கான முதுகலை ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பெரும்பாலும் வணிகவியல் பிரிவு மாணவிகளே என் வகுப்பில் இருப்பார்கள். 'சயின்ஸ் குரூப் கிடைக்கல, அதனாலதான் காமர்ஸ்' என்று வீட்டிலும் தெருவிலும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பதினோராம் வகுப்புக்குள் நுழைகிற பிள்ளைகள் அவர்கள். கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பெண்கூடத் தன்னை இரண்டாம் வரிசையில் நிறுத்தித்தான் பேசுவாள். தன்னைப் பற்றிய சந்தேகம் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் அது பதினோராம் வகுப்புச் சேர்க்கை நாளிலேயே அவர்களோடு பள்ளிக்குள் வந்துவிடுகிறது. நுழைவுத் தேர்வு அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்து உறுதிப்படுத்திவிடுகிறது.

நான் குறிப்பிட்ட மாணவியின் தாய் நூற்பாலையில் ஷிப்ட் வேலைக்குச் செல்பவர். தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. பள்ளியில் 'நான் முதல்வன்' திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டி வகுப்பில்தான் கிளாட் என்ற சொல்லையே அவள் முதன்முதலாகக் கேட்டாள். வக்கீலாக வேண்டும் என்ற ஆசை அதற்கு முன்பே இருந்தது. பாட்டியின் வீட்டு மனை தொடர்பான வழக்குக்காகச் சிறுவயதில் முன்சீப் நீதிமன்றத்துக்குத் துணையாகப் போய், வராந்தாவில் நாள் முழுக்கக் காத்திருந்து, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விக்குப் பாட்டி தடுமாறியதைப் பார்த்தவள் அவள். "பாட்டி சொன்னது சரிதான் டீச்சர், சொல்லத் தெரியல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

இந்தத் தேர்வின் அமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். 2008ஆம் ஆண்டு தொடங்கிய இத்தேர்வை இப்போது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட, நாடெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு இதுவே வாசல். 2020 முதல் இது முழுக்க முழுக்க வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்வாக மாறிவிட்டது. 450 சொற்கள் வரை நீளும் ஒரு பத்தி, அதைத் தொடர்ந்து சில கேள்விகள், பிறகு அடுத்த பத்தி என்று இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், அடிப்படைக் கணிதம் என்று ஐந்து பிரிவுகள் இருந்தாலும், எல்லாவற்றையும் கடந்து போக வேண்டிய வழி ஆங்கில வாசிப்புதான். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். நீட் தேர்வையும் ஜேஇஇ முதன்மைத் தேர்வையும் தமிழில் எழுதலாம். கிளாட்டை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். பிற மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடுக்கப்பட்டது. அந்த வாதம் தனி. ஆங்கிலத்தில் மெதுவாக வாசிக்கிற ஒரு பிள்ளை, அந்த மெதுவைத் தன் அறிவின் அளவாக எடுத்துக்கொள்கிறாள் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

இதில் என் தவறும் உண்டு. சென்ற ஆண்டு ஜூலையில், அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைக் கத்தரித்துக் கொடுத்து, தெரியாத சொற்களையெல்லாம் அடிக்கோடிட்டு வா என்று சொன்னேன். மறுநாள் கொண்டுவந்த தாளில் வரிக்கு வரி பென்சில் கோடு. எண்ணிப் பார்த்தோம்: 43 சொற்கள். நல்ல பயிற்சி என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் அந்தத் தாளைத் தனக்கு எதிரான சாட்சியம் போல நோட்டுக்குள் வைத்து அடுத்த இரண்டு மாதமும் சுமந்துகொண்டிருந்தாள். எப்போது பேசினாலும் 'எனக்குத்தான் ஒரு பக்கத்துக்கு நாற்பது வார்த்தை தெரியாதே' என்றுதான் தொடங்குவாள். தெரிந்த சொற்களை எண்ணும்படி நான் ஏன் சொல்லவில்லை என்று இன்றும் வருந்துகிறேன். அந்தத் தலையங்கத்தில் அவளுக்குத் தெரிந்த சொற்கள் எழுநூறுக்கு மேல் இருந்திருக்கும்.

உண்மை நிலை வேறாக இருந்தது என்பது செப்டம்பரில் ஒரு நாள் தெரிய வந்தது. சட்டத் தர்க்கப் பகுதியில், அபாயமான பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து வைப்பவரின் பொறுப்பு பற்றி ஒரு பத்தி. 1868ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முடித்துவைத்த ரைலண்ட்ஸ் வழக்கிலிருந்து வந்த கோட்பாடு அது. ஒருவர் தன் இடத்தில் நீர்த்தேக்கம் கட்டுகிறார். தண்ணீர் பூமிக்குள் இறங்கிப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடிக்கிறது. கட்டியவர் மேல் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் நட்டத்துக்கு அவரே பொறுப்பு. ஐந்து கேள்விகளில் மூன்றை அவள் தவறாகப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "பத்தியே புரியல டீச்சர், நமக்கு இது வராது" என்றாள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அதே கதையைத் தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன். நான் முடிப்பதற்குள்ளேயே குறுக்கிட்டாள். அவள் பாட்டியின் ஊரில் தோல் பதனிடும் ஆலைக் கழிவு இறங்கிக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. ஆலைக்காரர்கள் தொட்டி கட்டியிருக்கிறோம், கவனமாகத்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். "அவங்க கவனமா இருந்தாங்களா இல்லையாங்கறது கேள்வியே இல்ல டீச்சர். அவங்க கொண்டாந்து வச்சது வெளிய வந்துச்சு, எங்க தண்ணி கெட்டுச்சு. அதுதான் கேள்வி" என்றாள்.

சட்டம் படித்த ஒருவர் அந்தக் கோட்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து கேள்விகளையும் தமிழில் கேட்டேன். ஐந்துக்கும் சரியான விடை சொன்னாள், காரணத்தோடு. வேலூர் பகுதித் தோல் ஆலைகளின் கழிவு தொடர்பான வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னதை அன்று அவளுக்குச் சொன்னேன். தான் பேசியது வெறும் ஊர்ப் பேச்சு இல்லை, சட்டம்தான் என்று அறிந்தபோது அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஆங்கிலப் பத்திக்குத் திரும்பி, எந்த இடத்தில் வழி தவறினாள் என்று இருவரும் தேடினோம். 'எஸ்கேப்' என்ற சொல்லில். அவளுக்குத் தெரிந்த எஸ்கேப் என்பது தப்பி ஓடுவது. ஆகவே ஓடிப்போன ஆள் யார் என்று பத்தி முழுக்கத் தேடியிருக்கிறாள். தண்ணீர் ஓர் இடத்தின் எல்லையை மீறி வெளியேறுவதையும் சட்டம் அதே சொல்லால் குறிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முந்தைய தாள்களையும் எடுத்துப் பார்த்தோம். 'பார்ட்டி' என்றால் வழக்கின் தரப்பு, 'ஆக்‌ஷன்' என்றால் வழக்கு தொடுப்பது, 'கன்சிடரேஷன்' என்றால் ஒப்பந்தத்தில் ஒருவர் பெறும் பிரதிபலன். இவையெல்லாம் அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அறிந்த சொற்கள்; அதனாலேயே அவற்றின் கீழ் ஒருபோதும் கோடு போட்டதில்லை. அடிக்கோடிட்ட 43 சொற்களில் பாதிக்கு மேல், அர்த்தம் தெரியாவிட்டாலும் வாக்கியத்தின் போக்கில் கடந்து போகக்கூடியவை. அவளை வீழ்த்தியவை அவள் சந்தேகப்படாத சொற்கள்.

என் பதினான்கு ஆண்டு ஆசிரியப் பணியில் இந்த ஒரு விஷயம் எனக்கு இவ்வளவு தெளிவாக அதற்கு முன் தெரிந்ததில்லை. இந்தப் பிள்ளைகள் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்படத் தேவையில்லாத இடத்தில், அதாவது தங்கள் புத்தியின் மேல், ஓயாமல் சந்தேகப்படுகிறார்கள். 'சந்தேகப்படாதே, நம்பிக்கையாக இரு' என்று நாம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்து மூடச் சொல்கிறோம். சட்டம் படிக்கப் போகிறவளுக்குச் சந்தேகம் வேண்டும். சாட்சியின் சொல்லை, ஆவணத்தின் தேதியை, எதிர்த்தரப்பு காட்டும் முன்தீர்ப்பை அவள் வாழ்நாள் முழுக்கச் சந்தேகித்துத்தான் பிழைக்க வேண்டும். அவளுக்கு நாம் கற்றுத்தர வேண்டியது அந்தச் சந்தேகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை.

இனி மாதிரித் தேர்வுகளின் கதை. இந்த ஆண்டு தொடக்கத்தில் அவளை ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனத்தின் தேர்வுத் தொகுப்பில் சேர்த்தோம். அதன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தேர்வும் முடிந்த ஒரு மணி நேரத்தில், மதிப்பெண்ணும் நாட்டளவிலான இடமும் எல்லோருடைய பெயரோடும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். எந்த விடை ஏன் தவறு என்ற விளக்கம் வருவதற்கு இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். விளக்கம் வருவதற்குள் பிள்ளை தனக்குத்தானே தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறாள். நாலாயிரத்துச் சொச்சமாவது இடம் என்ற செய்தியைப் பார்த்த ஒரு ஞாயிறு இரவு, தாய் வேலை முடிந்து வரும் வரை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னாள். பெருநகரங்களில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி இரண்டாண்டு பயிற்சி பெற்றவர்களும், பிளஸ் டூ முடித்து ஓராண்டு இதற்கென்றே ஒதுக்கியவர்களும் அதே பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

அந்தத் தேர்வின் வினாத்தாளை மறுநாள் என் மேசைக்கு வரவழைத்தேன். அவள் முதலில் வினாத்தாளில் பென்சிலால் விடையைக் குறித்துவிட்டு, ஒரு பத்தி முடிந்ததும் ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்புவாள். வினாத்தாளின் பல இடங்களில் ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், முதலில் போட்ட டிக் குறியின் பள்ளம் தாளில் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விடைக்குறிப்போடு வைத்துப் பார்த்தோம். மொத்தம் பதினோரு இடங்களில் விடையை மாற்றியிருந்தாள். எட்டில் முதலில் போட்டதே சரி. சரியானதை அழித்துவிட்டுத் தவறானதைப் போட்டிருக்கிறாள். இரண்டில் இரண்டு முறையும் தவறு. ஒன்றில் மட்டும் தவறைச் சரியாக்கியிருந்தாள். சரியான விடையைத் தவறாக்கினால் வர வேண்டிய ஒரு மதிப்பெண்ணும் போய், கால் மதிப்பெண் குறையவும் செய்யும். எட்டு விடைக்குப் பத்து மதிப்பெண் இழப்பு. திருத்திய ஒன்றால் ஒன்றேகால் வரவு. ஆக எட்டேமுக்கால் மதிப்பெண் அந்த ரப்பரில் போயிருந்தது. வட்டத்தை நிரப்பும்போது 'நான் போட்டதுன்னா தப்பாத்தான் இருக்கும்' என்று தோன்றும், அதனால் மாற்றுவேன் என்றாள்.

விடையை மாற்றவே கூடாது என்று சொல்லிவிடலாம். பல பயிற்சியாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சரியாக்கிய அந்த ஒரு விடையை எதனால் மாற்றினாள் என்று கேட்டபோது, பத்தியின் நாலாவது வரியில் 'எழுத்து மூலம் ஒப்புதல் இருந்தாலன்றி' என்ற பொருளில் ஒரு விலக்கு இருந்ததை முதல் வாசிப்பில் விட்டுவிட்டதாகவும், திரும்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டதாகவும் சொன்னாள். மற்ற பத்துக்கும் அப்படி ஒரு வரியைக் காட்ட அவளால் முடியவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். விடையை மாற்ற வேண்டும் என்று தோன்றினால், எந்த வரியைப் பார்த்து மாற்றுகிறாயோ அந்த வரியின் மேல் விரலை வை. விரல் வைக்க இடம் இருந்தால் மாற்று. இல்லாவிட்டால் ரப்பரைத் தொடாதே. இதற்கு மனோதிடம் எதுவும் தேவையில்லை, பயத்தோடேயே செய்யலாம். போன மாதம் எழுதிய கடைசித் தேர்வில் நான்கு இடங்களில் மட்டும் மாற்றியிருந்தாள். நான்கிலும் பக்கத்தில் பென்சிலால் வரி எண் குறித்திருந்தாள். ஒன்று தவறாகத்தான் போனது. ஆனால் ஏன் தவறு என்று எங்களால் பேச முடிந்தது.

விடைக்குறிப்பையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் கொஞ்சம் கலைக்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் 1 அன்று நடந்த கிளாட் தேர்வின் இறுதி விடைக்குறிப்பை எதிர்த்துத் தேர்வு எழுதிய மாணவர் ஒருவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதையும், அதே மாதத்தில் இரண்டு கேள்விகளுக்கான விடை தவறு என்று நீதிபதி தீர்ப்பளித்ததையும், பின்னர் வழக்குகள் பெருகி உச்ச நீதிமன்றம் வரை சென்று 2025 மே மாதத்தில்தான் முடிவுக்கு வந்ததையும் அவளுக்கு விரிவாகச் சொன்னேன். தேர்வு வைத்தவர்களும் தவறக்கூடியவர்கள் என்று சொல்லி அவளைக் குளிர்விப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 'என் விடை சரி, இதோ காரணம்' என்று ஒரு பிள்ளை எழுத்தில் வைத்தபோது, ஒரு நீதிமன்றம் அதை உட்கார்ந்து கேட்டிருக்கிறது. அவள் சேர விரும்புகிற தொழிலே அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் வாயிலிருந்து வரும் எல்லாவற்றையும் 'தாழ்வு மனப்பான்மை' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடக் கூடாது. 2025 டிசம்பரில் நடந்த தேர்வுக்குக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 3,500 ரூபாய். கணினி மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி முடித்து, பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. "இந்தக் காசு அம்மாவுக்குப் பத்து நாள் ஷிப்ட் டீச்சர்" என்றாள். இது தன்மேல் நம்பிக்கையின்மை அன்று. பொறுப்புள்ள ஒரு பெண் போடும் வீட்டுக் கணக்கு. இதற்கு ஊக்க உரை ஆற்றுவது அவளை அவமதிப்பதாகும். விவரம் சொல்ல வேண்டும், முடிந்தால் உதவ வேண்டும். அதே போல, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு இலட்ச ரூபாயைத் தாண்டிவிடும் என்று கேள்விப்பட்டு அவள் பயந்ததும் நியாயமான பயமே. கல்வி உதவித்தொகை, கல்விக் கடன், தமிழ்நாட்டு மாணவர்களுக்கான ஒதுக்கீடு ஆகியவற்றைத் தலைமையாசிரியரின் அறையில் உட்கார்ந்து அவள் பெற்றோருக்கு ஒவ்வொன்றாக விளக்கினோம்.

இந்தத் தேர்வு ஒன்றுதான் நீதிமன்றத்துக்குப் போகும் வழி என்ற நினைப்பும் பிள்ளைகளை நசுக்குகிறது. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டப் படிப்பிலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. நமது கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். அவள் பாட்டி தடுமாறி நின்ற அந்தச் சாட்சிக் கூண்டில் நாளை நிற்கப்போகிறவரிடம் தமிழில்தான் கேள்வி கேட்கப்படும். இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு அவள் கிளாட்டை விட்டுவிடவில்லை. முன்பைவிட நிதானமாகப் படிக்கிறாள். இது போனால் எல்லாம் போயிற்று என்ற நிலையில் ஒரு பத்தியை ஒழுங்காக வாசிக்க யாராலும் முடியாது.

காலமும் அவர்களுக்கு அனுகூலமாக இல்லை. கடந்த மூன்று தேர்வுகளும் டிசம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தன. எங்கள் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு தொடங்குவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். ஒரு கையில் கணக்குப்பதிவியல், மறு கையில் கிளாட் என்று அலைகிற பெண்ணிடம், பொதுத் தேர்வு மதிப்பெண் குறைந்தால் பள்ளியின் பெயர் கெடும் என்று ஆசிரியர் அறையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 'உனக்கு எதுக்கு இந்த வேலை, பேசாம பி.காம். சேரு' என்று அவள் காதுபட ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். சொன்னவர் கெட்டவர் அல்லர், அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் அடுத்த ஞாயிறு வினாத்தாளில் ரப்பர் தடமாக வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. நீட், ஜேஇஇ தேர்வுகளுக்குத் தாங்கள் தொடர்ந்து மாதிரி வினாக்கள் வெளியிடுவது போல, சட்ட நுழைவுத் தேர்வுக்கும் வாரம் ஒரு பத்தியாவது வெளியிட வேண்டும். ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, அதன் கீழே அதே கோட்பாட்டைத் தமிழில் விளக்கி, சட்டத்தில் வேறு பொருள் தரும் எளிய சொற்கள் நான்கைந்தை எடுத்துக்காட்டி, ஒவ்வொரு விடைக்கும் பத்தியின் எந்த வரி ஆதாரம் என்று குறிப்பிட்டால், பயிற்சி மையம் இல்லாத ஊர்களில் உள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய துணையாக இருக்கும். முடிவுகள் வெளியாகும் நாளில், முதலிடம் பெற்றவரின் பேட்டியோடு, தமிழ் வழியில் படித்து இடம் பெற்ற ஒருவரின் பேட்டியையும் போடுங்கள். எத்தனை மணி நேரம் படித்தார் என்று கேட்பதைவிட, எந்த இடத்தில் தடுமாறினார், எப்படிச் சரிசெய்தார் என்று கேளுங்கள். பயிற்சி நிறுவனங்கள் மதிப்பெண் பட்டியலைப் பொதுக் குழுவில் வெளியிடாமல், விடை விளக்கத்தோடு சேர்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்ப வேண்டும் என்று தங்கள் பத்திரிகை எழுதினால் அவர்கள் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆங்கில ஆசிரியர்களாகிய என் சக பணியாளர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் பள்ளியில் இந்தத் தேர்வுக்குப் படிக்கிற மாணவி ஒருத்தி 'எனக்குப் புரியல' என்று வந்தால், அதே பத்தியைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விடை வந்துவிட்டால், அவளுக்குக் குறைவது ஆங்கில வாசிப்புப் பயிற்சி மட்டுமே என்பது உங்களுக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அந்தப் பயிற்சியைக் கொடுக்கத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம்.

தேர்வுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. இன்று காலை அவள் கொண்டுவந்த பத்தி ஒப்பந்தச் சட்டம் பற்றியது. 450 சொற்களை வாசிக்க அவளுக்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. மூன்றுக்குள் வர வேண்டும். 'கன்சிடரேஷன்' என்ற சொல்லின் கீழ் மட்டும் கோடு போட்டிருந்தாள்.

இப்படிக்கு,
முதுகலை ஆசிரியர் (ஆங்கிலம்),
அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி,
திண்டுக்கல் மாவட்டம்.

(சிறிய ஊர் என்பதால் மாணவியை எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆகவே என் பெயரையும் பள்ளி உள்ள ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)